பாட்டில்ல நின்ன மண்ணு

முதல்லயே சொல்லிடறேன், நான் கோவக்காரன். சர்வீஸ்ல இருந்த முப்பத்தி மூணு வருஷமும் மூக்கு மேலதான் கோவம். ரிட்டயர் ஆகி வீட்டுல உக்காந்த பிறகுதான், என்னை எதிர்த்துப் பேசறதுக்கும் ஆளுங்க இருக்காங்கன்னு தெரிஞ்சுது. இதை ஏன் முதல்ல சொல்றேன்னா, நான் இப்போ சொல்லப் போறதுல தப்பு பண்ணது மழையும் இல்ல, ஏரியும் இல்ல. என் கோவமும், கூட இன்னொண்ணும். அந்த இன்னொண்ணை வரும்போது சொல்றேன்.

நீங்க மூணு பேரும் செஞ்சி செக்‌ஷனுக்குப் புதுசா, நான் பாத்த அதே ஏரி வேலைக்கு ஒர்க் இன்ஸ்பெக்டரா வந்திருக்கீங்கன்னு கேள்விப்பட்டேன். சந்தோஷம். அதுல ஒரு தங்கச்சியும் இருக்குதாம், ரொம்ப சந்தோஷம். அதான் போன்ல பேசிப் பதிவு பண்ணி அனுப்பறேன். எந்த ஏரிக்கு எத்தனை மதகு, எவ்ளோ தண்ணி பிடிக்கும், எல்லாம் உங்க ரெஜிஸ்டர்லயே இருக்குது. அதை நான் திரும்ப ஓதி உங்க உயிரை வாங்கப் போறதில்ல. ரெஜிஸ்டர்ல ஏறாத ஒரு நாளைச் சொல்றேன். காலையில எட்டு மணிக்கு ஆரம்பிச்சு சாயங்காலம் அஞ்சு மணிக்கு முடிஞ்ச ஒரே ஒரு நாள்.

நான் ரிட்டயர் ஆகறதுக்கு முந்தின வருஷம், ஐப்பசி மாசம். அப்படி ஒரு மழையை நான் பாத்ததில்ல. ஒரு புயல் கரையேறி அதோட ஈரம் காயறதுக்குள்ள அடுத்தது கிளம்பிடும். செஞ்சி பஸ் ஸ்டாண்டுல நின்னு பாத்தா கோட்டை மலை மூணுமே கிடையாது, வெறும் மேகம்தான். சங்கராபரணி ரெண்டு கரையும் தொட்டு ஓடுது. தரைப்பாலம் எல்லாம் முழுகி, பஸ் பாதி ஊருக்குப் போகல. கரெண்ட் வந்தா அதிசயம். என் சட்டை ஒண்ணு பத்து நாளா கொடியில தொங்குச்சு, காயவே இல்ல, அப்படியே எடுத்துப் போட்டுக்கிட்டுத்தான் வேலைக்குப் போனேன்.

செஞ்சியில இருந்து மேல்மலையனூர் போற பக்கம், ரோட்டை விட்டு உள்ள தள்ளி ஒரு ஊர். பேரு வேணாம், போகப் போக நீங்களே கண்டுபிடிச்சிடுவீங்க. பெரிய ஏரி. கரை மட்டும் ஒரு கிலோமீட்டருக்கு மேல நீளம். ஒரு முனையில கோடி. ஏரி ரொம்பிப் போச்சுன்னா மிச்சத் தண்ணி வழிஞ்சு வெளிய போற இடத்தைத்தான் நம்ம பக்கம் கோடின்னு சொல்றது. இன்னொரு முனையில, கரைக்கு நேர் கீழ, நாப்பது வீடு இருக்கற ஒரு தெரு, ஒரு பள்ளிக்கூடம். அந்தத் தெருவுல இருக்கறவங்க எல்லாம் மாதா கோயில் ஜனங்க. கோயில் மட்டும் கொஞ்சம் தள்ளிப் பாறை மேல இருக்குது.

எட்டு வருஷமா அந்த ஏரி கோடி போகல. நான் சொல்ற மழைக்கு முந்தின வருஷம் பாதி ஏரிதான் ரொம்புச்சு. அப்போ ஏரிப் பாசன சங்கத் தலைவர் என்னைத் தேடி வந்தாரு. நல்ல மனுஷன், நல்ல விவசாயி, நிலத்தைத் தவிர வேற பேச்சு கிடையாது. "கோடி மேல ஒரு அடி உசரத்துக்கு மணல் மூட்டை அடுக்கிக்கறோம் சார், அந்த ஒரு அடித் தண்ணி எங்களுக்கு ஒரு போகம்"னாரு. அடுக்கக்கூடாது, அது எனக்கு நல்லாவே தெரியும். ஆனா பாதி கூடத் தாண்டாத ஏரியில மூட்டை அடுக்கினா இன்னா ஆகப் போவுதுன்னு, சரின்னும் சொல்லல, வேணாம்னும் சொல்லல. மூஞ்சியத் திருப்பிக்கிட்டேன். அவங்க அடுக்கிட்டாங்க. மறு வருஷம் அதை எடுக்கச் சொல்லணும்னு எனக்கும் தோணல, அவங்களும் எடுக்கல.

இப்போ அந்த ஐப்பசியில ஏரி முட்டி நிக்குது. எட்டு வருஷம் கழிச்சுக் கோடி போகப் போவுது. ஊர்ல இருக்கற சந்தோஷத்தைக் கேக்கணுமா? ஏழு கன்னிமாருக்குப் பூஜை, கெடா வெட்டு, பம்பை, பட்டாசு, ஜெனரேட்டர் வெச்சு மைக் செட்டு எல்லாம் ஏற்பாடு. கூம்பு ஸ்பீக்கரைக் கோடியில இருந்து பள்ளிக்கூடத் தெரு வரைக்கும் கட்டியிருந்தாங்க. சங்கத் தலைவர் எனக்குப் போன் போட்டு, "நீங்க கட்டாயம் வரணும் சார், உங்களுக்குப் பொன்னாடை போடறோம்"னாரு.

நான் சொன்ன இன்னொண்ணு இந்தப் பொன்னாடை ஆசைதான். என் நைனா நிலம் கிடையாத ஆளு, பக்கத்து ஊர்க் காலனியில இருந்து தினம் கூலிக்குப் போனவரு. நான் நாலாவது படிக்கும்போது அதே ஏரிக் கோடியில விழுந்த மீனைப் புடிச்சாருன்னு அவரைப் புடிச்சு வெச்சு அடிச்சாங்க. நான் பக்கத்துல நின்னு பாத்தேன். அதே கோடியில, அதே ஊர் ஜனங்க, எனக்குப் பொன்னாடை போடக் கூப்பிடறாங்க. போகாம இருப்பேனா? நைனா செத்து ரொம்ப வருஷம் ஆச்சு, ஆனா அன்னிக்கு அவரைத் தோள்ல தூக்கிக்கிட்டுப் போற மாதிரிதான் கிளம்பினேன்.

அதுக்கு முந்தின நாள் மத்தியானம் ஊர் வி.ஏ.ஓ. போன் பண்ணியிருந்தாரு. "புயல்ல கூரை போன குடும்பங்களை அந்தப் பள்ளிக்கூடத்துல தங்க வைக்கலாம்னு இருக்கோம். கரைக்குக் கீழ இருக்குதே, பரவாயில்லையா?" நான் கரையை நாலு நாள் முன்னாடி பாத்ததுதான். ஆனா போன்ல நான் இன்னா சொன்னேன் தெரியுமா? "கரை கல்லு மாதிரி இருக்குது, தாராளமா வைங்க." அவ்ளோதான். அந்த ஒரு வார்த்தையை நம்பி அறுபது எழுபது பேர், பச்சக் குழந்தை முதக்கொண்டு, அன்னிக்கே அங்க வந்து படுத்துட்டாங்க.

மறுநாள் எட்டு மணி இருக்கும். என் வண்டியில பள்ளிக்கூடத் தெரு வழியாக் கோடிக்குப் போறேன். முனையில ஒரு அம்மா அலுமினிய குண்டானை இடுப்புல வெச்சுக்கிட்டு நிக்கறாங்க. அந்தோணியம்மா. எனக்குத் தெரிஞ்ச முகம்தான். எப்படித் தெரியும்னா, அந்த சித்திரையில அவங்க கரை அடிவாரத்துல மண்ணு வெட்டும்போது நான் புடிச்சேன். ஊட்டுச் சுவத்துக்குப் பூச மண்ணு எடுத்தாங்களாம். தெருவே கூடற மாதிரி கத்தி, கேஸு போடுவேன்னு மிரட்டி, அவங்க மம்பட்டியைப் பிடுங்கிக்கிட்டு வந்து ஆபீஸ் மூலையில போட்டுட்டேன். அதுக்கு அப்புறம் அந்தத் தெருவுல என் வண்டி சத்தம் கேட்டா ஜனங்க உள்ள போயிடுவாங்க. அதை மரியாதைன்னு நினைச்சுக்கிட்டு இருந்தேன்.

அன்னிக்கு அந்த அம்மா உள்ள போகல. கையைக் காட்டி வண்டியை நிறுத்தினாங்க.

"சார், பள்ளிக்கூடத்துக்குப் பின்னால தண்ணி ஒரு மாதிரி வருது."

"இன்னா மாதிரி?"

"எப்பவும் கொஞ்சம் கசியும் சார், அதுலதான் நாங்க பாத்திரம் கழுவுவோம். நேத்து வரைக்கும் தெளிவா வந்துச்சு. காலையில இருந்து கலங்கி வருது."

"ஏம்மா, பத்து நாளா மழை ஊத்துது. கலங்காம பன்னீரா வரும்? போய் வேலையைப் பாரும்மா."

அவங்க மேல ஏதோ சொல்ல வாயைத் திறந்தாங்க. அப்புறம் மூடிக்கிட்டாங்க. வாயை மூடினதை நான் பாத்தேன். பாத்துட்டுத்தான் கியரைப் போட்டேன்.

இதுல வேதனை இன்னான்னா, தெளிவாக் கசிஞ்சா பயம் இல்ல, கலங்கிக் கசிஞ்சா கரை உள்ளுக்குள்ள கரையுதுன்னு அர்த்தம், இது நம்ம வேலையில பால பாடம். அதுக்கு முந்தின வாரம்தான் ஒரு மீட்டிங்ல எழுந்து நின்னு இதையே முழங்கிட்டு வந்தேன். என் பாடத்தையே ஒரு அம்மா எனக்குத் திருப்பிச் சொல்றாங்க. காதுல விழுது, மண்டையில ஏறல. மண்டை முழுக்கப் பொன்னாடை.

கோடியில திருவிழாக் கூட்டம். தண்ணி மூட்டை மேல ஏறி விரல் கனத்துக்கு வழியுது. பொம்பளைங்க மஞ்சளும் பூவும் தூவறாங்க, குலவை போடறாங்க. பம்பைக்காரரு அடிச்ச அடியில எனக்கே கால் ஆடுச்சு. கற்பூரம் காட்டி முடிச்சு, சங்கத் தலைவர் மைக்கைப் புடிச்சு, "நம்ம ஏரியைக் காப்பாத்திக் குடுத்த ஐயாவுக்கு"ன்னு சொல்லிப் பொன்னாடையைப் போட்டாரு. எல்லாரும் கை தட்டினாங்க. எனக்குக் கண்ணு கலங்கிடுச்சு, பொய் சொல்ல மாட்டேன். அங்க இருந்து நகரவே மனசு வரல. ஒரு மணி நேரத்துக்கு மேல நின்னேன்.

அப்போ கரை மேல ஒரு உருவம் வருது. உர சாக்கைத் தலைக்கு முக்காடு போட்டுக்கிட்டு, அந்த மழையில, வழுக்கற கரை மேல முனையில இருந்து முனை வரைக்கும் நடந்து வந்திருக்காங்க. அந்தோணியம்மா. கூட்டத்தைத் தள்ளிக்கிட்டு நேரா என் முன்னாடி வந்து, ஒரு பிளாஸ்டிக் தண்ணி பாட்டிலை நீட்டினாங்க.  

"இதைப் பாருங்க சார். பாத்துட்டு அப்புறம் திட்டுங்க."

பாட்டில்ல அடியில ரெண்டு விரக்கடை மண்ணு நிக்குது. மேல மங்கலாத் தண்ணி. மழைத் தண்ணிச் சேறா இருந்தா இவ்ளோ நேரம் ஆட்டி எடுத்துக்கிட்டு வந்ததுக்கு அடியில தங்கவே தங்காது, பாட்டில் முழுக்கக் காப்பி மாதிரி இருக்கும். இது மஞ்சள் நிறத்து மணல். 

"கரை மண்ணு சார் இது"ன்னாங்க. "எனக்குத் தெரியும். நான் வெட்டின இடத்துலதான் வருது. எங்க ஊட்டு சுவத்துல இருக்கறதும் இதே மண்ணுதான். காலையிலயே சொல்ல வந்தேன். கேஸு போட்டுடுவீங்களோன்னு பயந்து சொல்லல. கோயிலைப் பாத்துக்கற உபதேசியாரு கிட்ட மணி அடிங்கன்னேன். சார் சொல்லாம அடிச்சா வம்பாயிடும்னுட்டாரு. போடுங்க சார் கேஸு, ஜெயில்லயே போடுங்க. ஸ்கூல்ல அவ்ளோ ஜனம் கெடக்குது."

தம்பிங்களா, தங்கச்சி, முப்பத்தி மூணு வருஷத்துல நான் வெக்கப்பட்ட நேரம்னா அது அந்த ஒரு நிமிஷம்தான். ஒரு தெருவே கரை ஒழுகறதைப் பாத்துக்கிட்டு, அதை விட என்னைப் பாத்துப் பயந்துக்கிட்டு இருந்திருக்குது.

எங்க இன்ஜினீயர் ஏ.ஈ.க்குப் போன் போட்டேன். ரிங் போகல. டவர் செத்துக் கிடக்குது. நான் தாண்டி வந்த தரைப்பாலமும் அதுக்குள்ள முழுகிட்டதால செஞ்சியில இருந்து யாரும் வரவும் முடியாது. உத்தரவு கேக்க ஆளு இல்ல. இந்த மாதிரி நேரத்துல ரெண்டு விதமா ஆள் இருப்பாங்க. போன் கிடைக்கற வரைக்கும் அடிச்சுக்கிட்டே இருக்கறவன் ஒருத்தன். போனைப் பையில போடறவன் ஒருத்தன். நான் ரெண்டு வாட்டி அடிச்சுட்டு மூணாவது வாட்டி பையில போட்டேன்.

மைக்கைப் பிடுங்கினேன். "பொதுமக்கள் கவனத்துக்கு, தாழ்வான பகுதியில உள்ளவங்க"ன்னு ஆரம்பிச்சேன், பழக்க தோஷம். அந்தோணியம்மா என் கையில இருந்து மைக்கை வாங்கிட்டாங்க. "ஏ ஸ்கூல்ல கெடக்கறவங்களே! சோத்துச் சட்டிய அப்படியே போட்டுட்டுக் குழந்தைங்களத் தூக்கிக்கிட்டு மாதா கோயிலுக்கு ஏறுங்க! கரை ஒழுவுது! உபதேசியாரே, சார் இங்கதான் இருக்காரு, அடிங்க மணிய!" அடுத்த நிமிஷம் பாறை மேல இருந்து மணி கேட்டுச்சு. நான் பேசியிருந்தா இன்னும் 'தாழ்வான பகுதி'யிலயே இருந்திருப்பேன்.

அடுத்தது மூட்டை. ஏரியில ஒரு அடித் தண்ணி இறங்கினாலே கரை மேல இருக்கற பாரம் குறையும். "மூட்டை எல்லாத்தையும் எடுங்க"ன்னேன். பம்பை நின்னு போச்சு. சங்கத் தலைவர் முகம் சிவந்துடுச்சு.

"இன்னா சார் பேசறீங்க? எட்டு வருஷம் கழிச்சு வந்த தண்ணி. திடீர்னு ஒரு அடி தொறந்து விட்டா கோடிக் கால்வாய் ஓரத்துல என் நெல்லு நாலு காணியும் முழுகும். கதிரு வர்ற நேரம்."

"முழுகும்தான்."

"ஒரு பாட்டில் தண்ணியப் பாத்துட்டுச் சொல்றீங்களே, தப்பா இருந்தா?"

"தப்பா இருந்தா இதே கோடியில என்னை நிக்க வெச்சுக் கேளுங்க. ஓடிப் போக மாட்டேன்."

வழக்கமா நான் அங்க கத்தியிருப்பேன். கேஸுன்னு சொல்லியிருப்பேன். அன்னிக்குக் கத்தல. "தலைவரே, மூட்டை அடுக்கும்போது மூஞ்சியத் திருப்பிக்கிட்டவன் நான்தான். பள்ளிக்கூடத்துல ஜனத்தைப் படுக்க வைக்கச் சொன்னவனும் நான்தான். ரெண்டு தப்பு பண்ணிட்டேன். மூணாவதையும் பண்ண வெக்காதீங்க"ன்னேன். பொன்னாடை தோள்ல இருக்குது, மழை ஊத்துது, நான் கையெடுத்துக் கும்பிட்டுக்கிட்டு நிக்கறேன்.

அவரு என்னைப் பாத்தாரு, பாட்டிலைப் பாத்தாரு. அப்புறம் வேட்டியை மடிச்சுக் கட்டிக்கிட்டு அவரே கோடித் தண்ணியில இறங்கி முதல் மூட்டையைத் தூக்கினாரு. அவ்ளோதான், கூட்டம் மொத்தமும் இறங்கிடுச்சு. பூஜைக்கு வந்த ட்ராக்டர் ரெண்டு நின்னுது. எடுத்த மூட்டையை எல்லாம் அதுல ஏத்தினோம். ஒருத்தன் கரை மேலயே ஓட்டப் பாத்தான். ஒழுகற கரை மேல ட்ராக்டரா! "கீழ வயல் ரோட்டுல சுத்திப் போடா"ன்னு அப்போ மட்டும் கத்தினேன், அந்தக் கத்தல் ஞாயமான கத்தல்.

நான் வண்டியில பள்ளிக்கூடத்துக்குப் பின்னால போய்ச் சேர்ந்தா, அங்க எனக்கு முன்னாடியே தெருப் பசங்க பத்துப் பேர் வேலையில இருக்காங்க. தண்ணி வர்ற ஓட்டையில பழைய மெத்தை, வைக்கோல், களிமண்ணு எல்லாத்தையும் திணிச்சு, மேல நாலு பேர் ஏறி மிதிக்கறாங்க. "நின்னு போச்சு சார்! அடைச்சுட்டோம்!"னு ஒரே சந்தோஷம். அதைப் பாத்து எனக்குப் பாதி உசுரு போச்சு.

நல்லாக் கேட்டுக்குங்க, இதுதான் நாளைக்கு உங்களுக்கும் வரப் போற சோதனை. ஒழுகற கரையை வெளிப் பக்கம் அடைச்சா ஜனங்க கை தட்டுவாங்க. ஆனா உள்ள வந்த தண்ணி எங்க போகும்? அது கரைக்கு உள்ளயே வேற வழி தேடும், பெருசாத் தேடும். தண்ணியை நிறுத்தக் கூடாது, மண்ணைத்தான் நிறுத்தணும். அப்போ நான் இன்னா சொல்லணும்? உசுரைக் குடுத்து அடைச்ச பசங்க கிட்ட, "எடுங்கடா அதை"ன்னு சொல்லணும்.

சொன்னேன். ஒருத்தனும் நகரல. "லூசா சார் நீங்க? எங்க ஊடு எல்லாம் கீழதான் இருக்குது"ன்னு ஒருத்தன் கேட்டான். தப்பில்ல, அவன் இடத்துல நான் இருந்தா அடிச்சே இருப்பேன். அதுக்குள்ள பத்தடி தள்ளி, புல்லுக்குள்ள இருந்து புதுசா ஒரு ஊத்து கிளம்புச்சு. அதுவும் மஞ்சளா. நான் அதைக் கையால காட்டினேன். ட்ராக்டர்ல வந்து இறங்கின அந்தோணியம்மா, "சித்தி சொல்றேன், எடுங்கடா! மண்ணு வெட்டினவ நானு, எனக்கு இல்லாத அக்கறையா உங்களுக்கு?"ன்னு முதல் ஆளாப் போய் மெத்தையைப் புடிச்சு இழுத்தாங்க. எடுத்ததும் தண்ணி பீச்சிக்கிட்டு வந்துச்சு. புது ஊத்து அடங்கிடுச்சு.

அதுக்கு அப்புறம் பண்ணது ரொம்பச் சாதாரண வேலை. ஊத்து மேல முதல்ல மணல், அது மேல ஜல்லி. பள்ளிக்கூடத்துக் கக்கூஸ் கட்டக் கொட்டி வெச்சிருந்த ஜல்லி, நல்ல வேளை. கோடியில இருந்து வந்த மூட்டையை எல்லாம் அதைச் சுத்திக் கிணத்துக் கட்டு மாதிரி வட்டமா அடுக்கினோம். உள்ள தண்ணி ரொம்பி நிக்க நிக்க, அந்தப் பாரமே கீழ இருந்து வர்ற வேகத்தைக் குறைச்சிடும். கோடியில இருக்கக் கூடாத மூட்டை, இருக்க வேண்டிய இடத்துக்கு வந்து சேர்ந்துச்சு. மம்பட்டி பத்தல. "என் மம்பட்டி இருந்தா இந்நேரம் முடிஞ்சிருக்கும், அது எங்க கெடக்குதோ"ன்னு அந்தோணியம்மா யாரையோ பாத்துச் சொல்ற மாதிரி சொன்னாங்க. பசங்க சிரிச்சானுங்க. நானும் சிரிச்சேன்.

வட்டம் இடுப்பு உசரம் வந்தப்போ மணி ஒண்ணு. அதுக்கு மேல கையில வேலை இல்ல, காத்திருக்கறதுதான். நம்ம வேலையில கஷ்டமான பகுதி அதுதான்னு நான் சொல்வேன். வேலை இருக்கற வரைக்கும் பயம் தெரியாது. மழை விடல. பாறை மேல கோயில் வாசல்ல ஜனம் நின்னுக்கிட்டு எங்களையே பாக்குது. கரை உடைஞ்சா அவங்க உசுரு பொழைக்கும், ஆனா நாப்பது வீடும் அவங்க கண்ணு முன்னாடியே போகும்.

அந்தோணியம்மா எங்க இருந்தோ காலி பாட்டிலுங்களைப் பொறுக்கிக்கிட்டு வந்தாங்க. அரை மணிக்கு ஒரு வாட்டி வட்டத்துக்கு உள்ள இருந்து வழியற தண்ணியைப் புடிச்சு, பள்ளிக்கூடத்து மதில் மேல வரிசையா வெச்சாங்க. முதல் பாட்டில்ல ரெண்டு விரல் மண்ணு. ரெண்டாவதுலயும் அதே ரெண்டு விரல்.  மூணாவதுல ஒண்ணரை விரல் மாதிரி தெரிஞ்சுது, ஆனா ஆசையில தெரியுதோன்னு நான் வாயைத் திறக்கல. சங்கத் தலைவர் கோடியில இருந்து வந்து என் பக்கத்துல உக்காந்தாரு. "இன்னாச்சு உங்க நெல்லு?"ன்னு கேட்டேன். "முழுகிடுச்சு. வடிஞ்சா பாதி தேறும். அதை விடுங்க, அந்த பாட்டில் இன்னா சொல்லுது?"ன்னாரு. நாலாவதுல ஒரு விரல். அஞ்சாவதுல ஒரு கோடு மாதிரி.  ஆறாவது பாட்டிலைப் புடிச்சு, அவங்க உடனே மதில் மேல வைக்கல. கண்ணுக்கு நேராத் தூக்கிப் பாத்துக்கிட்டே நின்னாங்க. அப்புறம் பாட்டிலுக்குப் பின்னால அவங்க கையை வெச்சு என் பக்கம் நீட்டினாங்க. தண்ணி வழியா அவங்க அஞ்சு விரலும் தெரிஞ்சுது. விரல்ல இருந்த ஜெபமாலை மோதிரம் கூடத் தெரிஞ்சுது.

"தெளிஞ்சுடுச்சு சார்."

நான் அந்தச் சேத்துலயே உக்காந்துட்டேன். அழுதேன். ஊர் முன்னாடி, அத்தனை பேர் முன்னாடி, விக்கி விக்கி அழுதேன். அப்படி ஒரு நிம்மதி எனக்கு என் கல்யாணத்துல வரல, புள்ளை பொறந்தப்போ வரல. யாரோ கோயிலைப் பாத்துக் கையை ஆட்டினாங்க. பாறை மேல இருந்து ஒரே சத்தம். பசங்க பம்பைக்காரரை இழுத்துக்கிட்டு வந்து, அந்தக் கசிவுக்குப் பக்கத்துலயே அடிக்க வெச்சுட்டானுங்க. கோடியில ஆக வேண்டிய கெடாக் கறியை எல்லாம் மாதா கோயில் வாசலுக்குத் தூக்கிக்கிட்டு வந்து, அஞ்சு மணிக்கு எல்லாருக்கும் போட்டாங்க. கன்னிமார் கெடாவை மாதா கோயில்ல வெச்சுச் சாப்பிட்டோம், ரெண்டு பேருமே கோவிச்சுக்கல. அந்தப் பொன்னாடை எங்க போச்சுன்னு தெரியல. ஒரு குழந்தையைச் சுத்தித் தூக்கிக்கிட்டு ஒரு பொண்ணு போச்சு, பாத்தேன், கேக்கல.

சாப்பிடும்போது அந்தோணியம்மா பக்கத்துல வந்து மெதுவாக் கேட்டாங்க. "சார், அந்த மண்ணு வெட்டின கேஸு?"

"போடுவேன். அடுத்த வாட்டி பாட்டில் கொண்டு வரலன்னா."

அவங்க வாயைப் பொத்திக்கிட்டுச் சிரிச்சாங்க. ரெண்டு நாள் கழிச்சு டவர் வந்து, பாலம் வடிஞ்சு, ஏ.ஈ. வந்து எல்லாத்தையும் பாத்தாரு. சரியாத்தான் பண்ணியிருக்கீங்கன்னாரு. நான் எழுதின ரிப்போர்ட்ல, கரையைத் திரும்பப் போய்ப் பாக்காம நல்லா இருக்குதுன்னு சொன்னேன், தகவல் வந்தும் அலட்சியம் பண்ணேன்னு எழுதியிருந்தேன். "இதை எதுக்குப் போடறீங்க, ரிட்டயர் ஆகற நேரத்துல"ன்னாரு. போட்டேன். அதுக்கு ஒரு மெமோ வந்துச்சு, வாங்கிக்கிட்டேன். ஆபீஸ் மூலையில துருப்புடிச்சுக் கிடந்த மம்பட்டியை எடுத்து, புதுக் காம்பு போட்டு, வண்டியில வெச்சுக் கட்டி அந்தத் தெருவுக்கு எடுத்துக்கிட்டுப் போனேன். அன்னிக்கு என் வண்டி சத்தம் கேட்டு ஜனங்க வெளிய வந்தாங்க. அந்த வித்தியாசம் எனக்குப் பொன்னாடையை விடப் பெருசு.

கரையை அப்புறம் கோடையில நல்லாப் பலப்படுத்தியாச்சு, பயப்பட ஒண்ணும் இல்ல. ஆனா மழை வலுத்தா இன்னிக்கும் காலையில எனக்கு ஒரு போன் வரும். "சார், தெளிவாத்தான் வருது. நீங்க நிம்மதியாச் சாப்பிடுங்க." அவ்ளோதான், வெச்சிடுவாங்க. நான் ரிட்டயர் ஆயிட்டேன்மான்னு எத்தனை வாட்டி சொன்னாலும் விட மாட்டாங்க. போன வாரம்தான் சொன்னேன், இனிமே புதுசா வந்திருக்கறவங்க நம்பரைத் தரேன், அவங்களுக்குப் பண்ணுங்கன்னு.  அதுக்கு அவங்க கேட்டாங்க, "அவங்க கோவக்காரங்களா சார்?"

உங்க மூணு பேரையும் நான் பாத்தது கூட இல்ல. ஆனா "இல்லம்மா, பொறுமையாக் கேப்பாங்க"ன்னு சொல்லிட்டேன். என்னைப் பொய்யனாக்கிடாதீங்க.